வந்திருக்கிறாளா என்று கேட்டார்கள்

சாட்சிகள் காத்திருக்கும் அறையில் உள்ள கெட்டிலில் தண்ணீர் கொதிக்க ரொம்ப நேரம் பிடிக்கும். புதிதாக ஒன்று வாங்கித் தருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்குக் கண்ணை வைத்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம் என்றால் அங்கே கார் நிறுத்தும் இடம்தான் தெரியும். எந்தக் கார் யாருடையதோ என்று அவர்களுக்கு வேறு கவலை வந்துவிடும். கெட்டிலில் அந்த வம்பு இல்லை. அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சார்ஜென்ட் ஹாலிவெல், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். அதனால்தான் கெட்டிலில் தொடங்கினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த வழக்கறிஞர் தம்பி, நீங்கள் எதைக் கேட்டாலும் 'பதில் சொல்ல விரும்பவில்லை' என்று மட்டும் சொல்லச் சொல்கிறார். நல்ல பிள்ளை, சாப்பிட்டு நாலு நாள் ஆனது போல் இருக்கிறார். ஆனால் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. டேப் ஓடட்டும்.

என் பெயர் டோரீன் ஆஷ்வொர்த். கெல்தார்ப் கிரவுன் நீதிமன்றத்தில் சாட்சிகளுக்குத் துணையாக உட்காரும் தொண்டர்களில் ஒருத்தி. சம்பளம் கிடையாது, பஸ் கட்டணம் மட்டும் தருவார்கள். எங்கள் வேலை சுலபமானது. அடிபட்ட பெண்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள், பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே வருவார்கள். அவர்களை மேலே கூட்டிப்போக வேண்டும். தேநீர், பிஸ்கட், காகிதக் கைக்குட்டை கொடுக்க வேண்டும். வழக்கு நாளுக்கு முன்பே காலியான நீதிமன்ற அறையைக் காட்டி, நீதிபதி இங்கே, ஜூரி அங்கே, நீ நிற்கும் கூண்டு இது என்று பழக்கிவிட வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் கூடாது. அவர்கள் சொல்லப்போகும் சாட்சியத்தைப் பற்றி நாங்கள் மூச்சு விடக் கூடாது. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. வேண்டுமானால் யாரிடமும் விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் போலீஸ், உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் டேப்புக்காகச் சொல்கிறேன். எங்கள் கட்டடம் ஒழுகும். இரண்டாவது நீதிமன்ற அறையின் கூரை இறங்கிவிட்டதால் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மாடி நடையில் வாளி வைத்திருக்கிறார்கள். வழக்குகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. ஒரு பெண் மூக்கு உடைந்து புகார் கொடுத்தால், அது விசாரணைக்கு வருவதற்குள் மூக்கு ஆறி, வீடு மாறி, பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்துவிடும். வந்த அன்றைக்கும் நிச்சயமில்லை. காலையிலிருந்து உட்கார வைத்துவிட்டு, மூன்று மணிக்கு 'இன்றைக்கு அறை காலி இல்லை, அடுத்த வருஷம் வா' என்பார்கள். பயத்தை ஆறப்போட்டால் ஆறாது, ஊறும். அதை நான் அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெளியாட்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. குற்றம் சாட்டப்பட்ட ஆள் கடைசி நிமிஷம் வரை 'நான் செய்யவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருப்பான். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில். அவள் வருகிறாளா இல்லையா என்று பார்க்கத்தான். விசாரணை நாள் காலையில் அவனுடைய பாரிஸ்டர் வந்து, அரசுத் தரப்பு பாரிஸ்டரின் காதோரம், 'வந்திருக்கிறாளா?' என்று கேட்பார். வரவில்லை என்றால் அவன் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். வந்திருக்கிறாள் என்றால் பாதிப் பேர் அந்த வாசலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவார்கள். அவள் வாயைத் திறக்கவே தேவையில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அதாவது அந்தக் கட்டடத்தில் நீதிபதியின் நாற்காலியை விட முக்கியமானது என் அறையில் இருக்கும் நாற்காலிதான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

சாட்சி சொல்லாமல் முதலில் எழுந்து போனவள் ஜாக்கி. ஐம்பது வயதிருக்கும், எங்கள் மார்க்கெட்டில் கம்பளி நூல் விற்றவள். பிஸ்கட்டைக் கையில் வைத்து நொறுக்கிக்கொண்டே இருந்தாள், ஒரு துண்டு வாயில் போகவில்லை.

“என் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க டோரீன்?” என்று கேட்டாள்.

“நானா? நான் வீட்டுக்குப் போயிடுவேன் கண்ணு,” என்றேன்.

மனதில் இருந்ததைச் சொன்னேன். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு ஒருநாள் அவளை மார்க்கெட்டில் பார்த்தேன். நவம்பர் மாதம், மேகமூட்டம், அவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஆனால் உயிரோடு இருந்தாள், காலிஃபிளவர் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கொஞ்சம் தள்ளி நின்று பையைப் பிடித்திருந்தான். அவர்கள் குடும்பம் பிழைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். நான் எண்ணவில்லை. மனிதர்களை எண்ணுவது நல்ல பழக்கமில்லை. யாரையும் போ என்று நான் சொன்னதில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அவனுடைய பாரிஸ்டர் உன்னைப் பொய்க்காரி என்பாரா என்று கேட்டால், ஆமாம், அது அவர் வேலை என்பேன். உள்ளே போனாலும் பாதித் தண்டனைக்குள் வெளியே வந்துவிடுவானாமே என்று கேட்டால், சில சமயம் அதற்கும் முன்னால் என்பேன், சிறையில் இடமில்லையாம் என்பேன். எல்லாம் பேப்பரில் வந்த செய்தி. அதைச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருப்பேன். நிறையப் பேருக்கு அந்த 'பேசாமல் இருப்பது' வராது. ஆறுதல் சொல்கிறேன் என்று வளவளவென்று பேசிக் கெடுத்துவிடுவார்கள். பயம் தன் வேலையைத் தானே செய்யும், நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும். கொஞ்ச நேரம் பொறுத்து அவர்களுடைய கோட்டைக் கொண்டுவந்து மடியில் வைப்பேன். அறை குளிரும், ஹீட்டர் வேலை செய்யாது, அதற்காகத்தான்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் சார்ஜென்ட். தண்ணீர் வேண்டுமா?

சரி, ஸ்டேசிக்கு வருகிறேன்.

ஸ்டேசி ப்ரூக்ஸ்பேங்கை நான் முதன்முதலில் பார்த்தது அறையைக் காட்டுவதற்காக வரச்சொன்ன அன்று. முப்பது வயது. முதியோர் இல்லத்தில் வேலை. கிரெய்க் டென்பியோடு நாலு வருஷம் இருந்தவள். அவர்களுக்கு மெய்ஸி என்று ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் அந்த அறைக்குள் நுழையும்போது சுவரோரமாக நடப்பார்கள். இவள் நேராகப் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறி நின்று, பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

“அவன் எங்க உக்காருவான்?”

“அதோ, அந்தக் கண்ணாடி அடைப்புக்குள்ள. நீ கவலைப்படாத கண்ணு, உனக்கும் அவருக்கும் நடுவுல திரை போட்டுடுவாங்க. உன்னை அவரால பாக்கவே முடியாது.”

“திரை எதுக்கு? நல்லா பாக்கட்டும். அவன் உடைச்ச மூக்கு நேராயிடுச்சான்னு அவனுக்கும் தெரிய வேணாமா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கறுப்பு அங்கி போட்ட நீதிமன்ற ஊழியர் பெவ் அங்கே தண்ணீர்க் குவளை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

“இந்தப் பொண்ணுகிட்ட மாட்டினா நம்ம பாரிஸ்டருங்க விக்கைக் கழட்டி வெச்சிட்டு ஓடிடுவாங்க டோரீன்,” என்றாள்.

நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை.  கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அத்தனை வருஷமாக எத்தனையோ பேரோடு உட்கார்ந்திருக்கிறேன். அழுதவர்கள், வாந்தி எடுத்தவர்கள், பேயறைந்த மாதிரி இருந்தவர்கள். அவர்களில் ஒருத்தியைக் கண்டும் எனக்குப் பயம் வந்ததில்லை. ஸ்டேசியைக் கண்டு பயந்தேன்.  அன்று இரவு அடுப்பில் வைத்த மீனை அப்படியே குப்பையில் கொட்டினேன். ஏன் என்று அப்போது எனக்கே புரியவில்லை. பாவம் இந்தப் பெண், தனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாமல் இருக்கிறாளே என்று அவளுக்காகப் பயப்படுவதாகத்தான் நினைத்தேன்.

முதல் தேதி தள்ளிப்போனது. இரண்டாவது தேதிக்குக் காலையிலேயே வந்துவிட்டாள். அன்றைக்கும் அறை காலியில்லை. நாள் முழுக்க என்னோடுதான் உட்கார்ந்திருந்தாள். துண்டுகள் தொலைந்துபோன ஒரு படப்புதிர் அங்கே இருக்கும், அதைத் தரையில் கொட்டி அடுக்கினாள். மெய்ஸிக்குப் பல் ஆடுகிறதாம், அதைப் பிடுங்க விடாமல் வாயை மூடிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் என் வழக்கப்படி, அவள் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறுக்கு விசாரணை எவ்வளவு நேரம் போகும், பழைய செல்போன் செய்தியையெல்லாம் எப்படிப் படித்துக் காட்டுவார்கள், ஜூரியில் இருப்பவர்கள் சில சமயம் எப்படிக் கொட்டாவி விடுவார்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்தபடி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“டோரீன், நீங்க ஆறுதல் சொல்றீங்களா, சாவு வீட்டுக்குக் கூப்பிடுறீங்களா?”

கேலியாகத்தான் கேட்டாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. எழுந்து எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். அந்த அறையில் எனக்கு ஒருவர் தேநீர் போட்டுத் தந்தது அதுதான் முதல் தடவை. ஒரு வாய் கூடக் குடிக்காமல் கோப்பையை மேஜையில் வைத்தேன்.

மூன்றாவது தேதி பிப்ரவரியில். இதற்கு மேல் ஒருநாள் கூடத் தள்ளிப்போட மாட்டேன், இரண்டு தரப்பும் தயாராக வர வேண்டும் என்று நீதிபதி சொல்லியிருந்தார். மழை ஊற்றியது. நடையில் வாளி நிரம்பி வழிந்து, பெவ் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். ஸ்டேசி புதுக் கோட்டும் உதட்டுச் சாயமுமாக வந்தாள். செல்போனில் சார்ஜ் இல்லை என்று அறையில் செருகி வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். அப்போதுதான் அரசுத் தரப்பு பாரிஸ்டர் மிஸ் பிரிட்சர்ட் விக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“ஸ்டேசி எங்க?”

“முகம் கழுவப் போயிருக்கா.”

“எங்கயும் போயிட வேணாம்னு சொல்லிடுங்க. அந்தப் பக்கத்து வக்கீல் இப்பத்தான் என்னைப் புடிச்சாரு. 'வந்திருக்காளா'ன்னு கேட்டாரு. வந்து உக்காந்திருக்கான்னேன். மூஞ்சி தொங்கிப் போச்சு. கிரெய்க் ஒத்துக்குவான்னுதான் தோணுது. ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கச் சொல்லுங்க டோரீன். அவ கூண்டுலயே ஏற வேண்டியிருக்காது.”

“நான் சொல்லிடறேன்,” என்றேன்.

அவர் போனதும் நான் ஸ்டேசியின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.  கிரெய்க் ஒப்புக்கொள்வான். அவனைக் கீழே லாக்கப்புக்குக் கூட்டிப்போவார்கள். இவள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவாள். போகிற வழியில் குழந்தையைக் கூட்டிக்கொள்வாள். கதவைச் சாத்துவாள். யாருடைய கார் சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டிருக்காமல் அடுப்பைப் பற்றவைப்பாள். அவ்வளவு எளிதாக. இதை நினைத்தபோது எனக்கு மூச்சு முட்டியது. மாரடைப்புதானோ என்று கூட நினைத்தேன்.

ஸ்டேசி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“யாராவது வந்தாங்களா?”

“மிஸ் பிரிட்சர்ட் வந்துட்டுப் போனாங்க.”

“என்னவாம்?”

“கிரெய்க்கோட வக்கீல் உன்னைப் பத்தி விசாரிச்சாராம். நீ இங்க வந்திருக்கியான்னு கேட்டாராம்.”

இதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை.

“அவனுக்கு எதுக்கு அது?”

 கெட்டிலைப் போட்டேன். அது முனக ஆரம்பித்தது. அவள் முதல் தடவையாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

“மெய்ஸியை இன்னிக்கு ஸ்கூல்லேர்ந்து யார் கூட்டிட்டு வராங்க கண்ணு?”

“எங்கம்மா. ஏன்?”

“சும்மாத்தான். கிரெய்க்கோட அண்ணன் எப்பவும் கீழ வாசல்ல நிப்பாரு. இன்னிக்கு மட்டும் ஆளைக் காணோமேன்னு பாத்தேன்.”

அதுவும் உண்மைதான். அவன் அன்றைக்கு வரவில்லை. வேலைக்குப் போயிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

பயம் வருவதை நான் பார்த்தேன், சார்ஜென்ட். முதலில் கழுத்தில் வந்தது. பிறகு உதட்டில், அந்தச் சாயம் மட்டும் முகத்தில் தனியாக நின்றது. என்னுடைய மூச்சு சரியாகிவிட்டது. நான் போய் அவளுடைய கோட்டை எடுத்து வந்தேன்.

“நான் போய் மெய்ஸியைப் பாத்துட்டு ஓடி வந்துடறேன் டோரீன். ஒரு மணி நேரம். அவங்ககிட்ட சொல்லுங்க, நான் வந்துடுவேன்னு. கட்டாயம் வந்துடுவேன்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க.”

“சொல்றேன் கண்ணு. நீ போ.”

பக்கவாட்டு வாசல் வரை கூட்டிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். மழையில் ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் செல்போன் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் மறந்துவிட்டாள். அது அடித்தது. பிறகும் அடித்தது. மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். அடுத்தவர் போனை எடுத்துப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை.

மிஸ் பிரிட்சர்ட் ஓடி வந்தார். “எங்க அவ?”

“பயந்துட்டா, பாவம். திரும்பி வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டா.”

ஆமாம். இது அவள் சொன்னதில்லை. இந்த ஒன்றை நீங்கள் பொய் என்று எழுதிக்கொள்ளலாம். மற்றதையெல்லாம் எழுதும்போது தயவுசெய்து நியாயமாக எழுதுங்கள்.

மிஸ் பிரிட்சர்ட் சுவரில் சாய்ந்து நின்றார். “ஒத்துக்கறேன்னு சொல்லிட்டான் டோரீன். இப்பத்தான் சொன்னான். அவ போயிட்டான்னு தெரிஞ்சா வாபஸ் வாங்கிடுவான்,” என்றார். அப்படியேதான் ஆயிற்று. அவனுடைய பாரிஸ்டர் மறுபடி வந்து, அவள் இருக்கிறாளா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார். நீதிபதி மதியச் சாப்பாடு வரை பொறுத்தார். அவள் வருவதற்கு வாய்ப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்று தொண்டர் சொல்கிறார் என்றார்கள். அரசுத் தரப்பில் காட்டச் சாட்சியமில்லை, குற்றவாளி இல்லை, போகலாம். ஜாமீன், அவள் பக்கம் போகக் கூடாது என்ற நிபந்தனை, எல்லாம் அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

நான் தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது அவன் எதிரில் வந்தான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

“பாத்து வாங்கம்மா, தரையெல்லாம் ஈரமா இருக்கு,” என்றான். நன்றாகத்தான் பேசினான். என் வீட்டுக்காரர் ரானும் வெளியாட்களிடம் அப்படித்தான்.

அவள் திரும்பி வந்ததைத்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். அவளுடைய அம்மா சொல்லியிருப்பார். ஆமாம், வந்தாள். ஒரு மணி நேரம் என்றவள், பஸ் கிடைக்காமல் தாமதமாகி, மெய்ஸியைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் தெப்பமாக நனைந்து வந்து நின்றார்கள். குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. பல்லுக்காக இருக்க வேண்டும்.

“கூப்பிட்டாங்களா? நான் ரெடி,” என்றாள் ஸ்டேசி. மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் பழைய நிறம் திரும்பியிருந்தது. குழந்தையைப் பார்த்ததும் பயம் விட்டுப் போய்விட்டது போலும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு சீக்கிரம் அது போகும் என்று நான் நினைக்கவில்லை.

“முடிஞ்சு போச்சு கண்ணு. வீட்டுக்குப் போ,” என்றேன். போனை எடுத்துக் கொடுத்தேன். மிஸ் பிரிட்சர்ட் வேறு நீதிமன்றத்துக்குப் போய்விட்டார், இங்கே பேச ஒருவரும் இல்லை என்றேன். அவள் அழவில்லை. கத்தவில்லை. என் தோளைத் தொட்டு, “உங்க மேல தப்பில்ல டோரீன்,” என்றாள். அதை டேப்பில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவள் வாயால் சொன்னது.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. உங்கள் ஆட்கள் அவளைச் சமையலறையில் கண்டெடுத்ததாகப் பேப்பரில் படித்தேன். குழந்தை அன்று பாட்டி வீட்டில் இருந்ததாம். நல்லவேளை.

இப்போது நீங்கள் குரலைத் தணித்துக் கேட்டீர்கள்: “அவன் அவளை என்ன பண்ணுவான்னு தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா?” இந்தத் தம்பி என் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கிறார். இருக்கட்டும் தம்பி, கையை எடுங்கள்.

தெரியும். அந்தக் கட்டடத்திலேயே என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

எனக்கும் சாட்சி சொல்ல ஒரு நாள் இருந்தது, சார்ஜென்ட். ஹீட்டரும் கெட்டிலும் இல்லாத காலம். இதே ஊரில், பழைய நீதிமன்றத்தின் நடையில் ஒரு மர பெஞ்சு. எதிர் பெஞ்சில் ரானின் அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரைக் கூப்பிடுவதற்குள் நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். போய் ரானுக்குப் பிடித்த மாதிரி இரவுச் சாப்பாடு செய்தேன். அவர் வந்து சாப்பிட்டார். ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம், அவர் மாடிப்படியில் விழுந்து சாகும் வரைக்கும், அவருடைய காரின் சத்தத்தை வைத்தே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். எப்போது பேசலாம், எப்போது அறையை விட்டுப் போகலாம், எந்தக் கதவைச் சத்தமில்லாமல் திறக்கலாம் என்று கற்றுக்கொண்டேன். இரண்டே தடவைதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேறு வழியில்லை, இப்படித்தான் உயிர் பிழைக்க முடியும் என்று நம்பினேன். வேறு வழி இல்லாமல்தானே ஒருத்தி அப்படி வாழ்வாள்?

அப்போது இவள் வந்து, பலகையைத் தட்டிப் பார்த்து, திரை வேண்டாம் என்கிறாள். அவள் சாட்சியும் சொல்லிவிட்டு நன்றாகவும் வாழ்ந்துவிட்டால், அந்த முப்பத்தொரு வருஷம் நான் அந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன்? அதை என்னால் தாங்க முடியாது. உங்களாலும் முடியாது.

ஆனால் அவள் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மற்றவர்களெல்லாம் உயிரோடுதானே இருக்கிறார்கள்? போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள், சத்தமில்லாமல் திறப்பார்கள். பயம் என்ற ஒன்று ஒட்டிக்கொண்டால் ஸ்டேசியும் பிழைத்துக்கொள்வாள் என்றுதான் அனுப்பினேன். கிரெய்க் வந்த அன்று அவள் என்ன செய்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரில் சொல்லியிருந்தார், நீங்களும் படித்திருப்பீர்கள். கதவை அகலத் திறந்து நின்று, 'போடா உன் வேலையைப் பாத்துக்கிட்டு' என்றாளாம்.

பயந்த பெண் அப்படிச் செய்வாளா, நீங்களே சொல்லுங்கள். அவளோடு உட்கார எனக்கு இன்னும் ஒரே ஒரு நாள் கிடைத்திருந்தால், ஸ்டேசி இன்று உயிரோடு இருந்திருப்பாள்.